சி அண்ட் ஓ கால்வாயின் இழுவைப் பாதையில் நடப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாஷிங்டனின் ஜார்ஜ்டவுனில் தொடங்கி மேரிலாந்து மாநிலத்தின் கம்பர்லாந்து வரை போட்டோமாக் ஆற்றை ஒட்டிச் செல்லும் செசபீக்–ஓஹையோ கால்வாயை இந்தப் பகுதியில் எல்லோரும் சி அண்ட் ஓ என்றே அழைக்கிறார்கள். அதன் கரையில் நடக்க விரும்பும் நண்பர்களும், அவர்களைப் பார்க்க ஊரிலிருந்து வரும் பெற்றோர்களும் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில் வருகின்றன. சிக்கலானவை பின்னால் வருகின்றன.

டோபாத் டோபாத் என்கிறார்களே, அது வெறும் நடைபாதைதானே?

இன்று நடைபாதைதான்; ஆனால் மனிதர் நடப்பதற்காகப் போடப்பட்டதன்று. இந்தக் கால்வாயில் ஓடிய சரக்குப் படகுகளுக்கு இயந்திரமோ பாயோ கிடையாது. இரண்டு மூன்று கோவேறு கழுதைகள் நீண்ட கயிற்றால் படகை இழுத்துக்கொண்டு கரையோரம் நடந்தன. அவை நடந்த பாதைதான் டோபாத், அதாவது இழுவைப் பாதை. பாரம் இழுக்கும் கழுதைக்கு ஏற்றம் ஆகாது என்பதால், பாதை முழுவதும் ஏறத்தாழ சமதளமாகவே அமைக்கப்பட்டது; லாக்குகள் எனப்படும் நீர்ப்பூட்டுகள் இருக்கும் இடங்களில் மட்டும் சில அடிகள் ஏறும் அல்லது இறங்கும்.

இழுவைப் பாதை கால்வாய்க்கும் ஆற்றுக்கும் நடுவில் செல்கிறது. ஆகவே ஜார்ஜ்டவுனிலிருந்து மேல்நோக்கி நடந்தால் இடக்கைப் பக்கம் ஆறு, வலக்கைப் பக்கம் கால்வாய். இதை நினைவில் வைத்துக்கொண்டால் வழி தவறுவதற்கு வாய்ப்பே இல்லை. மைல் கணக்கும் ஜார்ஜ்டவுனில்தான் தொடங்குகிறது: ராக் க்ரீக் ஓடை போட்டோமாக்கில் கலக்கும் இடம் பூஜ்யம், கம்பர்லாந்து 184.5. கீழே எந்த இடத்தையும் இந்த மைல் எண்ணாலேயே குறிப்பிடுகிறேன். வழியிலுள்ள மைல் கம்பங்களிலும் இதே எண்கள்தான் இருக்கும்.

லாக் என்றால் என்ன? படகு எப்படி மேலே ஏறும்?

ஜார்ஜ்டவுனைவிடக் கம்பர்லாந்து 605 அடி உயரத்தில் இருக்கிறது. சரிவான கால்வாயில் தண்ணீர் நில்லாமல் ஓடிவிடும் என்பதால், கால்வாயைப் பல சமமட்டத் துண்டுகளாக வெட்டி, ஒரு துண்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு நீர்ப்பூட்டை, அதாவது லாக்கை, வைத்தார்கள். அப்படி 74 லாக்குகள் உண்டு. ஒவ்வொன்றும் படகைச் சராசரியாக எட்டு அடி தூக்கும் அல்லது இறக்கும்.

லாக் என்பது இரு பக்கமும் கற்சுவரும், இரு முனைகளிலும் மரக்கதவுகளும் கொண்ட ஒரு நீண்ட தொட்டி. மேலே போக வேண்டிய படகு, தாழ்ந்த நீர்மட்டத்தில் உள்ள தொட்டிக்குள் நுழைந்ததும் கீழ்க்கதவுகளை மூடுவார்கள். பிறகு மேல்முனையில் நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள சிறு மடல்களைத் திறந்தால், மேல் துண்டின் தண்ணீர் தொட்டிக்குள் பாயும். நீரோடு சேர்ந்து படகும் எழும். உள்மட்டமும் மேல்மட்டமும் சமமானவுடன் மேல்கதவுகள் எளிதாகத் திறந்துகொள்ளும், கழுதைகள் மறுபடி இழுக்கும். இறங்கும் படகுக்கு இதே வேலை தலைகீழாக நடக்கும். பம்பு கிடையாது, இயந்திரம் கிடையாது. தண்ணீர் தாழ்வான இடத்தை நோக்கிப் பாயும் என்ற ஒன்றைத் தவிர வேறெந்த ஆற்றலும் இதில் இல்லை.

கதவுகள் நேர்க்கோட்டில் மூடாமல், நீர்வரத்தை எதிர்நோக்கிய ஆப்பு போல ஒரு கோணத்தில் சேர்வதைக் கவனியுங்கள். மேலிருந்து அழுத்தும் தண்ணீரே இரு கதவுகளையும் ஒன்றோடொன்று இறுக்கி, கசிவை அடைத்துவிடுகிறது. தாழ்ப்பாளே தேவையில்லை.

இந்தக் கால்வாயை எதற்காக வெட்டினார்கள்? இப்போது ஏன் சரக்குப் படகு போவதில்லை?

கிழக்குக் கடற்கரையையும் ஓஹையோ ஆற்றையும் நீர்வழியாக இணைப்பதுதான் நோக்கம். பெயரிலேயே அது இருக்கிறது. 1828 ஜூலை 4 அன்று குடியரசுத் தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸ் மண்வெட்டி பிடித்துப் பணியைத் தொடங்கிவைத்தார். முதல் வெட்டே நிலத்துக்கடியில் இருந்த மரக்கட்டையில் பட்டு நின்றுவிட, அவர் மேலங்கியைக் கழற்றிவிட்டு மீண்டும் வெட்ட, கூட்டம் ஆரவாரித்ததாம். அதே நாளில் பால்டிமோரில் பால்டிமோர்–ஓஹையோ ரயில்பாதைக்கும் முதற்கல் நாட்டப்பட்டது. கால்வாயின் தலையெழுத்து அன்றே எழுதப்பட்டுவிட்டது என்று சொன்னால் மிகையாகாது: ரயில் 1842இல் கம்பர்லாந்தை அடைந்தது, கால்வாய் 1850இல்தான் போய்ச் சேர்ந்தது. அதற்கு மேல் ஓஹையோவை நோக்கி அது ஓர் அடிகூட நகரவில்லை.

ஆனாலும் கம்பர்லாந்துப் பகுதியின் நிலக்கரியை வாஷிங்டனுக்குக் கொண்டுவர அது பல பத்தாண்டுகள் உழைத்தது. ஒரு படகு சுமார் 120 டன் ஏற்றும். 1889 வெள்ளத்தில் கால்வாய் உடைந்து கம்பெனி நொடித்தபோது, போட்டியாளரான அந்த ரயில் நிறுவனத்தின் பிடிக்குள் அது வந்தது. 1924இல் இன்னொரு வெள்ளம் வந்து சேதப்படுத்தியபின் யாரும் பழுதுபார்க்கவில்லை.

பிறகு இது எப்படிப் பூங்காவாக மாறியது?

1938இல் மத்திய அரசு இதை ரயில் நிறுவனத்திடமிருந்து 20 லட்சம் டாலருக்கு வாங்கியது. வேலையில்லாத இளைஞர்களுக்காக அமைக்கப்பட்ட சிவிலியன் கன்சர்வேஷன் கோர் என்னும் பணிப்படையைச் சேர்ந்த கறுப்பின இளைஞர்கள்தாம் கீழ்ப்பகுதியின் முதல் 22 மைல்களைச் செப்பனிட்டார்கள். போட்டோமாக் அருவியாக விழும் கிரேட் ஃபால்ஸில் இன்று நாம் ரசிக்கும் பல லாக்குகள் நிமிர்ந்து நிற்பதில் அவர்கள் பங்கு பெரியது. பூங்காவின் தகவல் பலகைகளில் இதற்குக் கிடைக்கும் இடம் போதாது என்பது என் எண்ணம்.

1950களில் கால்வாய்த் தடத்தின் மேலேயே கார்ச் சாலை போடும் திட்டம் வந்தது. வாஷிங்டன் போஸ்ட் நாளிதழும் அதை ஆதரித்துத் தலையங்கம் எழுதியது. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் ஓ. டக்ளஸ், என்னோடு நடந்து பார்த்துவிட்டு எழுதுங்கள் என்று அந்த ஆசிரியர்களுக்கு அறைகூவல் விடுத்தார். 1954 மார்ச்சில் கம்பர்லாந்திலிருந்து புறப்பட்ட பெருங்கூட்டத்தில் முழுத் தொலைவையும் நடந்து முடித்தவர்கள் டக்ளஸையும் சேர்த்து ஒன்பது பேர். அதற்கு எட்டு நாட்கள் ஆயின. நாளிதழ் தன் நிலையை மாற்றிக்கொண்டது, சாலைத் திட்டம் கைவிடப்பட்டது. 1971இல் இது தேசிய வரலாற்றுப் பூங்கா ஆனது.

முழுவதையும் நடக்க எத்தனை நாள் ஆகும்?

நாளுக்கு 15 மைல் நடப்பவருக்குப் பன்னிரண்டு பதின்மூன்று நாட்கள். சமதளம்தானே என்று நாளுக்கு 25 மைல் திட்டமிடுகிறவர்கள் உண்டு. மேடு பள்ளமான பாதையில் வெவ்வேறு தசைகள் மாறி மாறி வேலை செய்யும். சமதளத்திலோ காலையிலிருந்து மாலைவரை ஒரே தசைக்கும் பாதத்தின் ஒரே இடத்துக்கும் தேய்மானம் விழுகிறது. மூன்றாம் நாள் கொப்புளம் வந்தே தீரும். முதல்முறை செல்கிறவர்களுக்கு நான் முழுப் பயணத்தைப் பரிந்துரைப்பதில்லை. ஆறேழு மைல் துண்டு ஒன்றைத் தேர்ந்து, ஒவ்வொரு லாக்கிலும் கால்மணி நேரம் நின்று நடப்பதுதான் இந்தக் கால்வாயைப் புரிந்துகொள்ளும் வழி.

ஒரே நாள்தான் இருக்கிறது. எங்கே போகலாம்?

தயங்காமல் கிரேட் ஃபால்ஸ் டேவர்ன் என்னும் பழைய விடுதிக் கட்டடத்துக்குச் செல்லுங்கள் (மைல் 14.3). லாக் 20 அந்தக் கட்டடத்தின் வாசலிலேயே இருக்கிறது. அங்கிருந்து கீழ்நோக்கி ஒரு மைலுக்கும் குறைவான தூரத்தில் லாக் 15 வரை ஆறு லாக்குகள் அடுத்தடுத்து வருகின்றன. பக்கத்தில் போட்டோமாக் அருவியாக விழுகிறது. அந்தச் சரிவை ஈடுகட்டத்தான் இத்தனை லாக்குகள் நெருங்கி நிற்கின்றன என்பது நடக்கும்போதே புலப்படும். புத்தகத்தில் நான்கு பக்கம் படித்துப் புரியாதது அந்த ஒரு மைலில் புரிந்துவிடும்.

லாக் 15ஐத் தாண்டினால் கால்வாய் திடீரென்று ஏரிபோல விரிகிறது. வைட்வாட்டர் என்று அதற்குப் பெயர். ஆற்றின் கைவிடப்பட்ட பழைய கிளை ஒன்றைப் பொறியாளர்கள் அப்படியே கால்வாயாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். பூங்காவின் மற்ற நுழைவிடங்கள் இலவசம். டேவர்ன் நுழைவாயிலில் மட்டும் கட்டணம் உண்டு. பருவகாலத்தில் அங்கே கழுதைகள் இழுக்கும் படகுச் சவாரி நடக்கும் நாட்களில், லாக் இயங்குவதை நேரில் காணலாம். தேசியப் பூங்காத் துறையின் இணையதளத்தில் அந்த ஆண்டின் அட்டவணையைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. கூட்டிக்கொண்டு போகலாமா?

போகலாம், அதே இடத்துக்குத்தான். டேவர்னிலிருந்து லாக் 18 வரை சிறிய இறக்கங்களைத் தவிர வேறு சிரமம் இல்லை. அங்கிருந்து ஓம்ஸ்டெட் தீவு வழியாக அருவிக்காட்சி வரை மரப்பாலங்களாலான பாதை இருக்கிறது. சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் செல்லும். ஆனால் அருகிலுள்ள பில்லி கோட் பாதையின் பக்கம் போகவே வேண்டாம்; அதன் முதற்பகுதியில் பாறைமேல் கையூன்றி ஏற வேண்டியிருக்கும்.

லாக்கில் நின்று என்ன பார்ப்பது? எல்லாம் ஒரே மாதிரி கற்குழியாகத்தானே இருக்கிறது?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் கேட்டிருக்கிறேன். கேட்டவர்களைக் குறை சொல்லவும் முடியாது, ஏனென்றால் ஓடும் நடையில் பார்த்தால் எல்லாம் குழிதான். முதலில் சுவரின் முனைகளைப் பாருங்கள். கதவு திறந்தபோது மடிந்து ஒதுங்குவதற்காகச் சுவருக்குள் ஒரு நீண்ட பள்ளம் விட்டிருப்பார்கள். அந்தப் பள்ளத்தின் ஓரத்தில், மேலிருந்து கீழ்வரை அரைவட்டமாகக் குடையப்பட்ட கல்வரிசை ஒன்று இருக்கும். கதவின் முதுகுத்தூண் சுழன்றது அதில்தான். அதற்குச் சற்றுத் தள்ளி, சதுரமான செங்குத்துக் காடி ஒன்று தெரியும். பழுதுபார்க்கும் காலத்தில் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அதில் செருகித் தண்ணீரை நிறுத்துவார்கள்.

அடுத்து, சுவரின் மேல்விளிம்புக் கற்களைக் குனிந்து பாருங்கள், முடிந்தால் விரலால் தடவிப் பாருங்கள். விரல் நுழையும் அளவுக்கு வழுவழுப்பான சாய்ந்த தடங்கள் சிலவற்றில் இருக்கும். அவை உளி செதுக்கியவை அல்ல. மணலும் ஈரமும் ஏறிய இழுவைக் கயிறு பல்லாயிரம் முறை உரசி அறுத்தவை. சுவரின் முகத்தில் சில கற்களில் அம்பு, நட்சத்திரம், எழுத்து போன்ற சிறு குறிகளும் உண்டு. தான் செதுக்கிய கல் இது என்று காட்டக் கல்தச்சர் வெட்டியவை. அகலத்தையும் மனத்தில் வாங்குங்கள்: தொட்டி 15 அடி, படகு பதினான்கரை அடி. பக்கத்துக்கு மூன்று அங்குல இடைவெளியில் 120 டன் பாரத்தை உள்ளே நுழைத்து, முன்கதவில் மோதாமல் நிறுத்த வேண்டும். அதற்காகக் கரையில் நடப்பட்ட குட்டைத் தூணில் கயிற்றைச் சுற்றி வேகத்தைக் குறைத்தார்கள்.

கற்களும் ஒன்றல்ல. லாக் 24 (மைல் 22.8) செனிகா செம்மணற்கல்லால் கட்டப்பட்டது, வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் கோட்டைக் கட்டடத்துக்கும் அதே வட்டாரத்துக் கல்தான் போயிற்று. மேலே போகப் போக நல்ல கல்லும் பணமும் குறைந்துவிட்டதால், கால்வாய் மலையைக் குடைந்து செல்லும் பாவ்பாவ் சுரங்கத்தை ஒட்டியுள்ள லாக்குகளைக் கரடுமுரடான கல்லில் எழுப்பி, உட்புறம் மரப்பலகையால் மூடினார்கள். பலகை மக்கிப்போனதால் இன்று அவை அரைகுறைச் சுவர்போலத் தெரிகின்றன. கம்பெனியின் வரவு செலவுக் கணக்கை அந்தச் சுவர்களிலேயே வாசித்துவிடலாம்.

லாக் பக்கத்தில் சின்னச் சின்ன வீடுகள் இருக்கின்றனவே, அவற்றில் யார் இருந்தார்கள்? தங்க முடியுமா?

லாக் காவலரும் அவர் குடும்பமும் இருந்தார்கள். வீடும் காய்கறி போடக் கொஞ்சம் நிலமும் வேலையோடு சேர்ந்து வந்தன. படகுக்காரர் இரவில் எந்நேரம் கொம்பு ஊதினாலும் எழுந்து வந்து கதவைத் திறக்க வேண்டும் என்பதால், இது ஒருவர் வேலையாக இல்லாமல் மனைவி மக்கள் எல்லோரும் பார்க்கும் வேலையாகவே இருந்தது.

சில வீடுகளைக் கால்வாய் அறக்கட்டளை செப்பனிட்டு இரவு தங்க வாடகைக்கு விடுகிறது. லாக் 6, 10, 22, 25, 28, 49 ஆகியவற்றின் வீடுகள் அவற்றுள் அடங்கும். ஒவ்வொன்றும் கால்வாய் வரலாற்றின் ஒவ்வொரு காலத்தைக் காட்டுமாறு அமைக்கப்பட்டிருக்கிறது. சிலவற்றில் மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் உண்டு, சிலவற்றில் இரண்டும் இல்லை. முன்பதிவு செய்யும்போது இதைக் கவனிக்காதவர்கள் கழிப்பறை வெளியே இருப்பதை இரவில்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

கால்வாய் என்கிறீர்கள், தண்ணீரே இல்லையே? மரமல்லவா வளர்ந்திருக்கிறது?

நீங்கள் 22ஆம் மைலுக்கு மேலே எங்கோ நிற்கிறீர்கள். ஜார்ஜ்டவுனிலிருந்து வயலெட்ஸ் லாக் எனப்படும் லாக் 23 வரைதான், பழுதுபார்ப்புக்காக வடிக்கப்பட்ட காலங்கள் நீங்கலாக, தொடர்ந்து தண்ணீர் விடப்படுகிறது. அதற்கு மேலே, வில்லியம்ஸ்போர்ட், பிக் பூல் போன்ற சில இடங்களைத் தவிர, கால்வாய் ஒரு நீண்ட வறண்ட பள்ளம்தான்; 1924க்குப் பின் முளைத்த மரங்கள் அதற்குள் காடாக நிற்கின்றன.

இலையுதிர்ந்த குளிர்காலத்தில் வந்தால் பள்ளத்தின் வடிவம் தெளிவாகத் தெரியும். லாக்குகளைப் பார்ப்பதே நோக்கம் என்றால் நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம் என்பேன். பலரும் வசந்தத்தைச் சொல்வார்கள்; பூக்களுக்கு அது சரி, கற்களுக்கு அன்று.

எண் 75 வரை இருக்கிறதே, 74 லாக் என்கிறீர்கள்? எங்கே ஒன்று காணாமல் போனது?

மேல்பகுதியில் லாக்குகளுக்கு முன்கூட்டியே எண் கொடுத்துவிட்ட பிறகு, சுரங்கத்துக்குக் கீழ்ப்புறம் ஒரு லாக்கைக் குறைத்து, அதன் உயரத்தை மற்றவற்றுக்குப் பகிர்ந்தார்கள். அதற்கு மேலே உள்ள எல்லா எண்களையும் மாற்றுவதற்குப் பதிலாக, 63, 64, 65 என்று மூன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டை மட்டும் கட்டி, அவற்றுக்கு 63⅓, 64⅔ என்று எண்ணிட்டார்கள். அடுத்தது 66. பின்ன எண் கொண்ட லாக் என்று யாராவது சொன்னால் கேலி செய்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம், பலகையிலும் அப்படித்தான் இருக்கிறது.

படகைத் தூக்கி இறக்கும் லாக்குகளின் கணக்கு மட்டுமே இந்த 74. அணைகளில் ஆற்றுநீரை உள்ளே விடும் லாக்குகளும், ஆற்றிலிருந்து படகு கால்வாய்க்குள் வருவதற்கான லாக்குகளும், ஜார்ஜ்டவுனில் கால்வாய் ஆற்றோடு சேரும் இடத்தில் உள்ள லாக்கும் இதில் சேரவில்லை. ஆகவே நடந்துகொண்டே எண்ணுகிறவருக்குக் கணக்கு உதைக்கும்.

பாவ்பாவ் சுரங்கத்துக்குள் நடந்து போகலாமா? பயமாக இருக்காதா?

போகலாம், டார்ச் கட்டாயம் வேண்டும். 155ஆம் மைலுக்கு அப்பால் உள்ள இந்தச் சுரங்கத்தின் நீளம் 3,118 அடி. ஆறு வளைந்து நெளியும் சுமார் ஆறு மைல் தூரத்தைத் தவிர்ப்பதற்காக மலையைக் குடைந்தார்கள். 1836இல் தொடங்கிய வேலை இரண்டு ஆண்டில் முடியும் என்று கணக்கிட்டு, 1850 வரை இழுத்தது. உட்புறம் ஏறத்தாழ 60 லட்சம் செங்கற்களால் வளைவாகக் கட்டப்பட்டிருக்கிறது. கால்வாய் கம்பர்லாந்தை அடையப் பிந்தியதற்கு இதுவும் ஒரு பெருங்காரணம்.

உள்ளே இழுவைப் பாதை குறுகியது, தரை மேடும் பள்ளமும் ஈரமுமானது. ஒரு பக்கம் செங்கல் சுவர், மறுபக்கம் கைப்பிடிச் சட்டம், அதற்குக் கீழே கறுத்த தண்ணீர். சட்டத்தில் கையை வைத்து நடந்தால் இழுவைக் கயிறு அறுத்த பள்ளங்கள் விரலில் தட்டுப்படும். லாக் கற்களைப் பற்றி மேலே சொன்னதன் மரவடிவம் அது. கடக்கக் கால்மணி நேரம் போதும். சைக்கிளில் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். இருட்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மலைமேல் ஏறிச் செல்லும் மாற்றுப் பாதையும் உண்டு, ஆனால் அது செங்குத்தானது.

எதிரெதிரே இரண்டு படகு வந்தால் கயிறு சிக்காதா?

சிக்காது. பாரம் ஏற்றிக் கீழ்நோக்கி வரும் படகுக்கே முன்னுரிமை. காலியாக மேலே போகும் படகு ஒதுங்கி, கழுதைகளை நிறுத்தி, கயிற்றைத் தளர்த்தித் தண்ணீருக்குள் அமிழவிடும். பாரப்படகு அதன்மேல் மிதந்து கடந்துவிடும், அதன் கழுதைகள் தரையில் கிடக்கும் கயிற்றைத் தாண்டிச் செல்லும். சுரங்கத்துக்குள் இது நடக்காது, ஏனென்றால் ஒரு படகுக்குத்தான் இடம். அங்கே இரண்டு படகுத் தலைவர்கள் எதிரெதிரே வந்து, விட்டுக்கொடுக்காமல் நாட்கணக்கில் நின்றதாகவும், கடைசியில் சுரங்கத்தின் ஒரு முனையில் புகை போட்டு அவர்களை வெளியேற்றியதாகவும் ஒரு கதை வழங்கி வருகிறது.

கால்வாய் ஓடைகளை எப்படித் தாண்டியது?

சிறு ஓடைகளைத் தனக்குக் கீழே வளைவுக் குழாய்வழியில் விட்டது. பெரியவற்றின் மேல் தொட்டிப்பாலம் கட்டித் தானே தாண்டியது. அப்படிப் பதினொரு தொட்டிப்பாலங்கள் உள்ளன. அவற்றில் பெரியது மோனாக்கசி ஆற்றின் மேல் ஏழு வளைவுகளுடன் நிற்பது (மைல் 42.2), 1833இல் முடிந்தது. உள்நாட்டுப் போரின்போது 1862இல் தெற்குப் படையினர் இதைத் தகர்க்க வந்து, கல்லின் உறுதியைக் கண்டு விட்டுவிட்டுப் போனார்கள்.

வில்லியம்ஸ்போர்ட்டில் உள்ள கானக்கசீக் தொட்டிப்பாலத்தின் (மைல் 99க்கு அப்பால்) கதை வேறு. 1920இல் அதன் ஒரு பக்கச் சுவர் இடிந்து, அப்போது கடந்துகொண்டிருந்த படகு கீழே ஓடையில் விழுந்தது. 2019இல் அதைச் சீரமைத்து மீண்டும் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். தொட்டிப்பாலம் என்பது என்ன என்று கண்ணால் காண விரும்பினால் அங்கே செல்லுங்கள். அதே ஊரில் லாக் 44ம் இருக்கிறது.

ஒரு பக்கமாக நடந்தால் காருக்கு எப்படித் திரும்புவது?

நடந்த வழியே திரும்புவது அல்லது இரண்டு கார் வைத்துக்கொள்வது என்பது வழக்கம். ரயிலையும் பயன்படுத்தலாம். ஹார்ப்பர்ஸ் ஃபெரி (மைல் 60.7), பிரன்ஸ்விக் (55), பாயின்ட் ஆஃப் ராக்ஸ் (48) ஆகிய மூன்று ஊர்களிலும் மார்க் ரயில் நிலையம் உண்டு. அது அலுவலகம் செல்வோருக்கான வண்டி: வார நாட்களில் காலையில் வாஷிங்டனை நோக்கிப் போகும், பிற்பகலிலும் மாலையிலும் திரும்பும். ஆகவே காரை ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் விட்டுவிட்டு, கீழ்நோக்கிப் பன்னிரண்டரை மைல் நடந்து பாயின்ட் ஆஃப் ராக்ஸை அடைந்து, மாலை வண்டியில் காருக்குத் திரும்புங்கள். மாறிச் செய்தால் அன்றிரவு அங்கேயே தங்க வேண்டியதுதான்.

ஹார்ப்பர்ஸ் ஃபெரி நகரம் ஆற்றுக்கு அக்கரையில் இருப்பதால், ரயில்பாலத்தை ஒட்டிய நடைபாலத்தைக் கடந்து, சுழல் படிக்கட்டில் இறங்கித்தான் இழுவைப் பாதைக்கு வர வேண்டும். அங்கிருந்து ஏறத்தாழ மூன்று மைல் அப்பலாச்சியன் பாதை என்னும் நெடுந்தொலைவு நடைபாதையும் இதே தடத்தில்தான் செல்கிறது. முழுப் பயணம் செய்கிறவர்களுக்கு, கம்பர்லாந்திலும் ஆம்ட்ராக் ரயில் நிற்கிறது.

இரவு எங்கே தங்குவது? தண்ணீர் கிடைக்குமா?

நடப்போருக்கும் சைக்கிளில் செல்வோருக்கும் மட்டுமான கூடார இடங்கள் சில மைல்களுக்கு ஒன்றாக இருக்கின்றன. கட்டணம் இல்லை, முன்பதிவு இல்லை, முதலில் வருபவருக்கு இடம், ஓரிடத்தில் ஓரிரவு. கழிப்பறை, மேசை, கைப்பம்பு ஆகியவை இருக்கும். பம்புகளைக் குளிர்காலத்தில் கழற்றிவிடுவார்கள். மற்ற காலங்களிலும் ஒன்றிரண்டு பழுதாகி இருக்கலாம் என்பதால், அடுத்த பம்பு வரைக்குமல்ல, அதற்கடுத்த பம்பு வரைக்குமான தண்ணீரைச் சுமக்க வேண்டும். குப்பைத் தொட்டி எங்குமே கிடையாது. கொண்டுவந்ததை நீங்களே திரும்பக் கொண்டுபோக வேண்டும்.

பாம்பு இருக்குமா?

இருக்கும். காப்பர்ஹெட் என்னும் நச்சுப்பாம்பு வெயிலில் காயும் கற்சுவர்களை விரும்பும். ஆகவே லாக் சுவர் இடுக்கில் பார்க்காமல் கை வைக்க வேண்டாம். உண்மையான தொல்லை பாம்பன்று, உண்ணி. லைம் நோயைப் பரப்பும் உண்ணிகள் இந்தப் பகுதியில் உண்டு. நீளக் காற்சட்டை அணியுங்கள், புல்லுக்குள் இறங்காமல் பாதை நடுவில் நடங்கள், வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதுப் பின்புறம் எல்லாம் தேடிப் பாருங்கள். மூன்று இலையாகப் பிரியும் பாய்சன் ஐவி கொடி பட்டால் தோல் அரித்துக் கொப்புளிக்கும். பழைய லாக் சுவர்களில் அது தாராளமாகப் படர்ந்திருக்கும்.

மழை பெய்த மறுநாள் போகலாமா? லாக் கதவின் மேல் நடந்து படம் எடுக்கலாமா?

முதலாவதற்குப் பதில்: பாதை சேறாக இருக்கும், ஆறு பெருகியிருந்தால் சில பகுதிகள் மூடப்படும். ஆற்றின் வெள்ளச் சமவெளியிலேயே கட்டப்பட்ட கால்வாய் இது. 1889, 1924 மட்டுமல்ல, 1936, 1972, 1996 ஆகிய ஆண்டுகளிலும் வெள்ளம் இதைக் கிழித்தது. பூங்கா இணையதளத்தின் மூடல் அறிவிப்பைப் பார்க்காமல் நீண்ட நடைக்குப் புறப்பட வேண்டாம். குறிப்பாக மைல் 84.5 முதல் 88 வரையிலான பிக் ஸ்லாக்வாட்டர் பகுதியில் கால்வாயே கிடையாது. படகுகள் ஆற்றுக்குள் இறங்கிச் சென்றன, இழுவைப் பாதை பாறைக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒட்டிக்கொண்டு போகிறது. வெள்ளத்தில் அழிந்துபோன அந்தத் துண்டு 2012இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. பெருக்குக் காலத்தில் அங்கே ஒதுங்க இடமில்லை.

இரண்டாவதற்கு: வேண்டாம். கதவின் மேற்பலகை ஈரத்தில் வழுக்கும், கீழே கல்தொட்டி ஆழமானது, பக்கச் சுவரில் பிடித்து ஏறப் படியும் இல்லை. கிரேட் ஃபால்ஸ் பகுதியில் ஆற்றில் கால் நனைப்பதும் வேண்டாம். மேலே அமைதியாகத் தெரியும் இடத்தில் அடிநீரோட்டம் இழுத்து உயிரிழந்தவர்கள் பலர்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் வர்ஜீனியாவிலும் லாக் இருக்கிறதாமே, அதுவும் இதே கால்வாயா?

அன்று, அது இதற்கு மூத்தது. ஜார்ஜ் வாஷிங்டன் முன்னின்று 1785இல் தொடங்கிய போட்டோமாக் கம்பெனி, ஆற்றையே நீர்வழியாகப் பயன்படுத்திக்கொண்டு, அருவியும் பாறைகளும் உள்ள இடங்களை மட்டும் சுற்றிச் செல்லக் குறுங்கால்வாய்களை வெட்டியது. வர்ஜீனியா பக்கத்துக் கிரேட் ஃபால்ஸில் இருப்பது அவற்றில் ஒன்று. அதன் ஐந்து லாக்குகளும் 1802இல் முடிந்தன, கீழ்ப்பகுதியில் வெடிமருந்து வைத்துப் பாறையைப் பிளந்தே வழி செய்தார்கள். ஆற்றில் வறட்சிக்காலத்தில் ஆழம் போதாது, மழைக்காலத்தில் வேகம் தாங்காது என்பது அனுபவத்தில் தெரிந்தபிறகுதான் ஆற்றை நம்பாத தனிக் கால்வாய் என்ற யோசனை வலுப்பெற்றது. 1828இல் பழைய கம்பெனியின் உரிமைகள் சி அண்ட் ஓ வசம் வந்தன.

இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம், ஆனால் அருவி இருக்கும் இடத்தில் ஆற்றைக் கடக்கப் பாலம் இல்லை. காரில் 495ஆம் நெடுஞ்சாலைப் பாலம் வழியாகச் சுற்றிக்கொண்டு அக்கரைக்குப் போக வேண்டும். முதலில் வர்ஜீனியா பக்கத்தின் சிதைந்த லாக்குகளைப் பார்த்துவிட்டு மேரிலாந்துக்கு வந்தால், முன்னதில் கண்ட குறைகளுக்குப் பின்னதில் என்ன தீர்வு கண்டார்கள் என்பது வரிசையாக விளங்கும்.